எண்ணச் சுழற்சி நோயும் இணைந்த ஆலோசனைப் பணியும்



மருத்துவமனையின் ஜெப அறைக்கு அடிக்கடி வருகிற, ஆனால் திருச்சபைகளில் அதிகம் பேசப்படாத ஒரு நோயைக் குறித்து இம்மடலின் பாடப் பகுதியில் எழுதுகிறோம். நாங்கள் செய்த ஒரு தவறும் இதில் அடங்கியிருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுவதே உங்களுக்குப் பயனாயிருக்கும் என்று நம்புகிறோம்.

நோயாளிகளின் இரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை. ஆகவே கீழே வரும் சகோதரியின் வரலாறு, பலருடைய அனுபவங்களை ஒன்றாகச் சேர்த்து, யாரென்று அடையாளம் தெரியாதபடி எழுதப்பட்டதாகும்.

1. ஒரு சகோதரியின் கேள்வி

முப்பது வயதைக் கடந்த ஒரு தாய். இரண்டு சிறு பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனையில் முழங்காற்படியிட்டிருந்தபோது, ஆண்டவரைக் குறித்து வாயால் சொல்லக் கூசுகிற ஓர் எண்ணம் அவர் மனதில் வந்துபோயிற்று. அவர் நடுங்கிப்போனார். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார். ஜெபத்தின் நடுவே அதே எண்ணம் மறுபடியும் வந்தது. ஜெபம் கெட்டுப்போயிற்று என்று எண்ணி முதலிலிருந்து தொடங்கினார். சில மாதங்களில் காலை ஜெபம் 3 மணி நேரம் ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டார்கள்.

பின்பு இன்னோர் எண்ணமும் சேர்ந்துகொண்டது. அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது இளைய பிள்ளை அருகில் வந்து உட்கார்ந்தது. "இந்தப் பிள்ளையை நான் வெட்டிவிட்டால் என்ன ஆகும்?" என்று மனதில் தோன்றிற்று. அன்றுமுதல் அவர் அரிவாள்மணையைத் தொடவில்லை. கணவர் அதை எடுத்துப் பரண்மேல் வைத்தார். கத்திகளையும் ஒளித்துவைத்தார். சமையலை மாமியார் ஏற்றுக்கொண்டார்.

உறவினர் சிலர் அசுத்த ஆவி என்றார்கள். உபவாச ஜெபங்களுக்கு அழைத்துப் போனார்கள். மறைத்துவைத்த பாவம் ஏதேனும் இருக்கும், அதை அறிக்கையிட்டால் விடுதலை கிடைக்கும் என்றார்கள். சிறு வயதில் வகுப்பில் எடுத்த பென்சில்வரை அவர் அறிக்கையிட்டார். அறிக்கையிட அறிக்கையிடப் புதிய பாவங்கள் நினைவுக்கு வந்தனவே தவிர, சமாதானம் வரவில்லை. தூக்கமும் பசியும் போய், உடல் மெலிந்த நிலையில்தான் அவரை நமது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பொது மருத்துவர் பரிசோதித்துவிட்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே போகும் வழியில் இருந்த ஜெப அறையை அந்தச் சகோதரி கண்டுகொண்டார்.

2. நாங்கள் செய்த தவறு

"ஐயா, எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று கேட்டார். "நிச்சயமாக உண்டு, அம்மா" என்று சொல்லி ஜெபித்து அனுப்பினோம். அவர் முகம் மலர்ந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "நான் சரியாகச் சொல்லாததால் நீங்கள் அப்படிச் சொல்லிவிட்டீர்களோ, ஐயா? அந்த எண்ணம் வந்தபோது ஒரு நொடி எனக்குச் சம்மதமாக இருந்திருந்தால்?" மறுபடி விளக்கினோம், மறுபடி ஜெபித்தோம். மறுநாள் இரண்டு முறை வந்தார். மூன்றாம் வாரத்தில் தொலைபேசியிலும் கேட்கத் தொடங்கினார். நாங்கள் பொறுமையோடு பதில் சொன்னோம். மேய்ப்பனுடைய கடமையைச் செய்கிறோம் என்றே நினைத்தோம்.

எங்கள் மனநலப் பிரிவின் உளவியலாளர், எங்கள் மகள் வயதுடையவர், ஒரு மாலை ஜெப அறைக்கு வந்து தயக்கத்தோடு பேசினார். "ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். அந்த அம்மா இந்த வாரம் உங்களிடம் 19 முறை அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். நீங்கள் 19 முறையும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த நோயால் கை கழுவிக்கொண்டே இருக்கிறவர்களுக்குச் சோப்பு எப்படியோ, இவருக்கு உங்கள் ஜெபம் அப்படி ஆகிவிட்டது."

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஆறுதல் சொல்வதையே 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாகச் செய்துவந்திருக்கிறோம். அந்த ஆறுதலே ஒருவருடைய கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது என்பதை ஏற்றுக்கொள்வது எளிதாயிருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை.

3. இந்நோயின் இயல்பு

தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும், ஆங்கில எழுத்துகளில் ஓ.சி.டி. என்றும் இதைச் சொல்வார்கள். உலக அளவில் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் இதனால் பாதிக்கப்படுகிறார்கள். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், ஆயிரம் பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு அப்போது இந்நோய் இருந்தது தெரியவந்தது. அப்படியானால் ஒரு பெரிய சபையின் ஞாயிறு ஆராதனையிலும் சிலர் இதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும்.

இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விரும்பாமல் திரும்பத் திரும்ப வந்து வேதனைப்படுத்தும் எண்ணம். மற்றொன்று, அந்த வேதனையைத் தணிக்கச் செய்யும் கட்டாயச் செயல். கை கழுவுதல், கதவின் பூட்டையும் எரிவாயு அடுப்பையும் பலமுறை சரிபார்த்தல், எண்ணுதல் ஆகியவை வெளியே தெரியும். மனதுக்குள்ளேயே ஜெபத்தைத் திரும்பச் சொல்லுதல், நடந்ததை மீண்டும் மீண்டும் ஆராய்தல் ஆகியவை வெளியே தெரியாது. பிறரிடம் உறுதிமொழி கேட்பதும் கட்டாயச் செயலே. செய்தவுடன் நிம்மதி வருகிறது. கொஞ்ச நேரத்தில் அது கரைந்துபோகிறது. அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வருகிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போன்றது இது.

இத்தகைய எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் வருகிறவை அல்ல. 1978-ல் லண்டனில் ராக்மன் என்பவரும், இலங்கையரான பத்மல் டி சில்வா என்பவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயில்லாத சாதாரண மக்களிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வருவதை அவர்கள் கண்டார்கள். மற்றவர்கள் "சீ, என்ன எண்ணம்" என்று விட்டுவிடுகிறார்கள். நோயாளி அதற்குப் பொருள் தேடுகிறார். அதற்குத் தாமே பொறுப்பு என்று நடுங்குகிறார். 1985-ல் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர், இந்த அளவுக்கு மீறிய பொறுப்புணர்வே நோயை வளர்க்கிறது என்று விளக்கினார். பிள்ளையை அதிகமாய் நேசிக்கிற தாய்க்குப் பிள்ளையைக் குறித்தும், ஆண்டவருக்குப் பயப்படுகிறவருக்கு ஆண்டவரைக் குறித்தும் இவ்வெண்ணங்கள் வருவது இதனால்தான்.

"மோட்சப் பிரயாணம்" என்ற நூலை எழுதிய ஜான் பனியனை நாம் அறிவோம். அவர் 1666-ல் வெளியிட்ட தம் சுயசரிதையில், இயேசுவை விற்றுப்போடும்படி தூண்டும் எண்ணம் சாப்பிடும்போதும் விறகு வெட்டும்போதும் தம்மைத் துரத்தியதையும், மணிக்கணக்காக மனதுக்குள் அதை மறுத்துக்கொண்டே இருந்ததையும் எழுதியிருக்கிறார். இன்றைய மருத்துவ எழுத்தாளர் பலர் அந்தப் பக்கங்களில் இந்நோயின் சாயலைக் காண்கிறார்கள். விசுவாசக் குறைவே இதற்குக் காரணம் என்று சொல்கிறவர்கள் பனியனை நினைத்துக்கொள்வது நல்லது.

4. ஒவ்வொரு முறையின் பயனும் எல்லையும்

இந்நோய்க்கு உதவும் முறைகள் பல. ஒவ்வொன்றுக்கும் பலனும் உண்டு. தனியே நின்றால் ஆபத்தும் உண்டு.

(அ) செவிகொடுத்தல். இறையியல் கல்லூரியில் நாங்கள் கற்றது பெரும்பாலும் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த வழி. நியாயந்தீர்க்காமல், அன்போடு கேட்பது. வெட்கத்தால் பல ஆண்டுகள் மறைத்துவைத்ததை ஒருவர் வாய் திறந்து சொல்வதற்கு இதுவே வாசல். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் நோயாளி எண்ணத்தை ஆராய்ந்துகொண்டே இருப்பார். ஆராய்வது அவருடைய நோயின் ஒரு பகுதி.

(ஆ) மருந்து. குளோமிப்ரமின் என்ற மருந்தை 1989-ல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென்று அங்கீகரித்தது. பின்பு ஃபுளுவாக்செட்டின், ஃபுளுவாக்சமின், செர்ட்ரலின் போன்றவை வந்தன. இவை அடிமைப்படுத்தும் தூக்க மாத்திரைகள் அல்ல. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இரண்டு வாரத்தில் "பலனில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது தவறு.

(இ) எதிர்கொள்ளும் பயிற்சி. பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகுவதே இது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், வேறு சிகிச்சைகளால் குணமடையாத இரண்டு நோயாளிகளுக்கு, செவிலியரின் துணையோடு இப்படிச் செய்து பலன் கண்டதை எழுதினார். அதன்பின் இது முதன்மையான முறையாக வளர்ந்தது. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்து சாப்பிட்டும் போதிய குணம் காணாத 100 பேர் பங்குபெற்றார்கள். இந்தப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் முன்னேறினார்கள். இரண்டாவதாக ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 23 சதவீதம் பேரே முன்னேறினார்கள். ஆயினும் இது கடினமான பயிற்சி. நம்பிக்கைக்குரியவர்கள் உடன் இல்லாவிட்டால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள்.

(ஈ) சிந்தனையைச் சீர்ப்படுத்துதல். "எண்ணம் வந்தாலே செயலைச் செய்ததற்குச் சமம்", "நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டும்" என்னும் நம்பிக்கைகளை மெதுவாகச் சோதித்துப் பார்ப்பது. இதுவே வாதமாக மாறினால், அந்த வாதமும் கட்டாயச் செயலாகிவிடும்.

(உ) குடும்ப ஆலோசனை. கத்தியை ஒளித்துவைத்த கணவர் அன்பினால்தான் செய்தார். ஆனால் "நீ ஆபத்தானவள்" என்று அந்தச் செயல் மனைவிக்குச் சொல்லிற்று. குடும்பத்தார் நோய்க்கு இடங்கொடுப்பதைச் சிறிது சிறிதாகக் குறைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும்.

(ஊ) ஆவிக்குரிய ஆலோசனை. எது பக்தி, எது நோயின் கட்டாயம் என்று பிரித்துக் காட்ட ஆயரால் முடியும். நோயாளி மருத்துவரிடம் இதைக் கேட்க மாட்டார், கேட்டாலும் நம்பமாட்டார். ஆனால் பாவ உணர்வை மேலும் கிளறும் ஆலோசனை, ஏற்கெனவே குற்ற உணர்வில் மூழ்குகிறவரை இன்னும் ஆழத்தில் தள்ளும்.

5. எல்லாரும் ஒரே திட்டத்தில்

அந்தச் சகோதரியிடத்தில் நாங்கள் கண்ட குறை இதுதான். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். உளவியலாளர் உறுதிமொழி கேட்காமலிருக்கப் பழக்கினார். நாங்கள் உறுதிமொழி கொடுத்துக்கொண்டிருந்தோம். கணவர் கத்தியை ஒளித்தார். நால்வரும் உதவினோம், ஆனால் ஒரே வண்டியை நான்கு திசையில் இழுத்தோம். பல முறைகளை இணைப்பது என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலப்பது அல்ல. எது எப்போது, யார் செய்வது, யார் எதைச் செய்யாமலிருப்பது என்று ஒருமனப்பட்டுத் தீர்மானிப்பதே இணைப்பு.

ஒரு புதன்கிழமை பிற்பகல் மருத்துவர், உளவியலாளர், நாங்கள், கணவர், மாமியார், அந்தச் சகோதரி ஆகிய எல்லாரும் ஒரே அறையில் கூடினோம். நோயின் சுழற்சியை உளவியலாளர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். மாமியார் நீண்ட நேரம் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ இது பேய் இல்லையா?" என்று கேட்டார். "இல்லை, பாட்டியம்மா. சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி" என்றார் மருத்துவர்.

பின்பு ஒரு படிவரிசை எழுதினோம். பயத்துக்கு 0 முதல் 100 வரை அந்தச் சகோதரியே மதிப்பெண் கொடுத்தார். வேதபாடத்தைத் திரும்ப வாசிக்காமல் ஒரே முறை வாசித்து மூடுவது 30. கெட்ட எண்ணம் வந்தாலும் காலை ஜெபத்தை மறுபடி தொடங்காமல் முடிப்பது 50. திருவிருந்தில் பங்குபெற்று, அதன்பின் "பிராயச்சித்த" ஜெபம் செய்யாமல் வீட்டுக்குப் போவது 75. பிள்ளை அருகிலிருக்க அரிவாள்மணையில் காய் நறுக்குவது 95.

இங்கே எங்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருந்தது. தேவனைத் தூஷிக்கும்படி ஒருவரைப் பழக்குவது பயிற்சியல்ல என்பதில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். எண்ணம் தானாக வரட்டும், அதை அழிக்க எதுவும் செய்யாமல் இருங்கள் என்பதே பயிற்சி. எங்கள் சபையில் ஒரு சாதாரண விசுவாசி காலையும் மாலையும் எவ்வளவு நேரம் ஜெபிக்கிறாரோ அதுவே இவருக்கும் அளவு என்று நாங்கள் நிர்ணயித்துக் கொடுத்தோம். வாரத்துக்கு ஒரு முறை, புதன்கிழமை மட்டும், எங்களைச் சந்திக்கலாம். மன்னிப்பைக் குறித்த கேள்வி வந்தால், "இதற்கு நாம் சேர்ந்து எடுத்த தீர்மானம் என்ன, அம்மா?" என்று மட்டும் திருப்பிக் கேட்போம். கணவரும் அதே வாக்கியத்தைக் கற்றுக்கொண்டார்.

6. நடந்தது

மறுநாளே அவர் ஜெப அறை வாசலில் நின்றார். நாங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்னோம். அவர் கண்கள் நிறைந்தன. "நீங்களும் என்னைக் கைவிட்டுவிட்டீர்களா, ஐயா?" என்றார். எங்கள் ஊழிய நாட்களில் வாயை அடக்கிக்கொள்ள இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. "கைவிடவில்லை, அம்மா. புதன்கிழமை உங்களுக்காக இங்கே காத்திருப்போம்" என்று சொல்லி, வெளி வாசல்வரை கூட நடந்தோம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை அவர் வந்தார்.

மருந்து மூன்றாம் மாதத்தில் பயத்தின் கூர்மையைக் குறைத்தது. அதன்பின் பயிற்சியின் மேல்படிகள் சாத்தியமாயின. யேல்-பிரவுன் என்ற அளவுகோல் 1989 முதல் வழக்கத்தில் உண்டு. அதன் 10 கேள்விகளுக்கு மொத்தம் 40 மதிப்பெண். தொடக்கத்தில் 30 எடுத்த அவர் ஏழாம் மாதம் 14 எடுத்தார். ஒரு சனிக்கிழமை கணவர் பரண்மேலிருந்து அரிவாள்மணையை இறக்கித் துடைத்து வைத்தார். அவர் கை நடுங்கக் கத்தரிக்காய் நறுக்கினார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிற்று. குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று என்று மாமியார் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அந்தச் சகோதரி சிரித்தார்.

முழு விடுதலை என்று எழுத மாட்டோம். மறு வருடம் அவர் தாயார் இறந்தபோது நோய் மறுபடி தலைதூக்கியது. ஆனால் இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று வீட்டார் அறிந்திருந்தார்கள். எண்ணங்கள் இன்றும் எப்போதாவது வருகின்றன. "வரட்டும் ஐயா, எனக்கு வேலையிருக்கிறது" என்கிறார். நிச்சயம் கிடைத்தபின் நடப்பதல்ல விசுவாசம், நிச்சயம் கிடைக்கும்முன் நடப்பது என்று நாங்கள் அநேக முறை பிரசங்கித்திருக்கிறோம். அதன் பொருளை அவரிடம்தான் கற்றுக்கொண்டோம்.

7. சபையார் செய்யக்கூடியவை

முதலாவது, இப்படிப்பட்டவர்களைப் பேய் பிடித்தவர்கள் என்றோ விசுவாசமற்றவர்கள் என்றோ சொல்லாதிருங்கள். இரண்டாவது, ஒரே கேள்வியை ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால், பதிலை நீளமாக்காமல், மருத்துவரிடம் அன்போடு வழிநடத்துங்கள். மூன்றாவது, சிகிச்சையிலிருப்பவரின் ஜெபத் தோழராக இருந்தால், அவருடைய திட்டத்தை அறிந்து அதற்கு இசைய நடந்துகொள்ளுங்கள். நான்காவது, மாதக்கணக்காக நீளும் சிகிச்சையில் மருந்துச் செலவும் பேருந்துக் கட்டணமும் ஏழைக் குடும்பத்துக்குப் பாரம். உங்கள் காணிக்கைகள் இவ்வகையிலும் பயன்படுகின்றன என்று நன்றியோடு தெரிவிக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. தீங்கு செய்துவிடுவேனோ என்று நடுங்குகிறவர், அந்த எண்ணத்தை வெறுக்கிறபடியால்தான் நடுங்குகிறார். ஆனாலும் இதை நாமே தீர்மானிக்கக் கூடாது; மருத்துவர் பார்க்க வேண்டும். இந்நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வரலாம். வாழ விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

ஐக்கியக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. ஆறுதல் சொல்வது எப்போது உதவுகிறது, எப்போது கட்டுகிறது? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.
2. மனதில் வந்துபோகும் எண்ணத்துக்கும், நாம் விரும்பித் தெரிந்தெடுக்கும் பாவத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. "நீங்களும் கைவிட்டுவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்டதைக் கொடுக்காமலே அவரோடு இருப்பது எப்படி?
4. மருத்துவமும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் நம் சபையில் இருக்கிறதா?

தனக்கு இந்நோய் இருக்குமோ என்று இதை வாசிக்கிற ஒருவர் அமைதியாய் நினைத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் தனியாக இல்லை. இதற்கு உதவி உண்டு. புதன்கிழமைதோறும் பிற்பகலில் ஜெப அறைக் கதவு திறந்திருக்கிறது. எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்